ட்ரிப் சுவிச் விழுந்தால் கோபிக்க வேண்டாம்

1990 இல் யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரம் தடைப்பட்டது. போர்க்காலத்தில் வன்னியின் பெரும்பகுதியும் இருளில்தான் கிடந்தது. குப்பி விளக்கில் படித்து, குப்பி விளக்கில் சமைத்த பெண்கள் பலர், 2009 இற்குப் பின் மீள்குடியேறி, வீட்டுத்திட்ட வீடுகளில் முதன்முதலாகக் கரண்ட் எடுத்தார்கள். விளக்குச் சரிந்தால் குடிசை பற்றும் என்பது அவர்களுக்குத் தெரியும். சுவருக்குள் ஓடும் வயரைப் பற்றிச் சொல்லிக்கொடுக்கத்தான் ஆள் இருக்கவில்லை.

பெண் தலைமைத்துவக் குடும்பங்களுக்குப் போகும்போது நான் அடிக்கடி கேட்கும் முறைப்பாடு, ட்ரிப் சுவிச் விழுகிறது என்பது. ஒரு தாயின் வீட்டில் மழை பெய்தாலும் விழுமாம், தண்ணீர் மோட்டரைப் போட்டாலும் விழுமாம். பார்க்க வந்தவர் கூலியை வாங்கிக்கொண்டு, ட்ரிப் சுவிச்சை விலக்கி நேரே வயரைக் கொடுத்துவிட்டார். "இப்ப ஒரு கரைச்சலும் இல்லை மிஸ்" என்றார் அந்தத் தாய். கிணற்றடி ஈரத்தில் அவருடைய மகள் வெறுங்காலோடு நின்று அந்த மோட்டரைப் போட்டுக்கொண்டிருந்தாள்.

ட்ரிப் சுவிச் என்ன செய்கிறது? வீட்டுக்குள் போகும் மின்சாரமும் திரும்பி வரும் மின்சாரமும் ஒரே அளவாக இருக்க வேண்டும். குறைந்தால் எங்கோ கசிகிறது என்று அர்த்தம். ஈரச் சுவரால் கசியலாம், ஒரு பிள்ளையின் உடலாலும் கசியலாம். வீடுகளுக்குப் பூட்டுவது வழமையாக 30 மில்லி அம்பியர் கசிவுக்கே கண்ணிமைக்கும் நேரத்தில் விழுந்துவிடும். எமது வீடுகளுக்கு வருவது 230 வோல்ட். விழாமல் இருந்தால் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

அந்த வீட்டுக்குத் தகுதியுள்ள ஒருவரை அழைத்துப் பார்த்தபோது, மோட்டர் வயரில் பொலித்தீன் சுற்றிய ஒரு மூட்டு ஈர மணலில் கிடந்தது. ஏர்த் கம்பி மோட்டரில் கொடுக்கப்படவேயில்லை. மோட்டருக்குக் கடன் கொடுக்கும் நிறுவனங்கள் நல்ல வயருக்கும் சேர்த்துக் கொடுத்தால் என்ன என்று எனக்குத் தோன்றியது.

பழுது எதில் என்று நீங்களே ஓரளவு கண்டுபிடிக்கலாம். எல்லா பிளக்குகளையும் கழற்றிவிட்டு ட்ரிப் சுவிச்சை மேலே தள்ளுங்கள். நின்றால், உலர்ந்த கையோடு, காலில் செருப்போடு ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். எதைப் போடும்போது விழுகிறதோ அதில்தான் பழுது. திருத்தும்வரை அதைப் பாவிக்க வேண்டாம். எல்லாம் கழற்றியும் விழுந்தால் பழுது பெரும்பாலும் வயரிங்கில் இருக்கும். அதில் கை வைக்காதீர்கள்.

ட்ரிப் சுவிச்சில் 'டி' என்ற ஆங்கில எழுத்தோடு ஒரு சிறிய பொத்தான் இருக்கும். மாதம் ஒருமுறை, கரண்ட் இருக்கும் நேரத்தில் அதை அழுத்துங்கள். உடனே விழ வேண்டும். விழாவிட்டால் அது பழுது, மாற்ற வேண்டும். வயரிங் செய்ய வருபவரிடம், "ஏர்த் எங்கே தாட்டிருக்கு, காட்டுங்கோ" என்று கேளுங்கள். கேட்பதற்கு வெட்கப்படத் தேவையில்லை, காசு கொடுப்பது நீங்கள்.

வேலிக்கு மேலால் பக்கத்துக் கொட்டிலுக்கு வயர் இழுப்பதும், பன்றிக்கென்று வேலிக் கம்பியில் கரண்ட் கொடுப்பதும் உயிரைப் பறிக்கும் வேலைகள்.

யாருக்கேனும் கரண்ட் அடித்தால் ஓடிப்போய்ப் பிடிக்காதீர்கள். முதலில் மெயின் சுவிச்சை நிறுத்துங்கள். முடியாவிட்டால் உலர்ந்த இடத்தில் நின்று, உலர்ந்த தடியால் வயரைத் தள்ளிவிடுங்கள். பிறகு 1990 இற்கு அழைத்து அம்புலன்ஸ் கேளுங்கள். ஆள் எழுந்து நடந்தாலும் வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். இருதயத்தில் ஏற்பட்ட பாதிப்பு வெளியே தெரியாமல் இருக்கலாம்.