சான்றிதழை நம்பாதீர்கள், பில்லில் எழுதி வாங்குங்கள்

எம்.எஃப். ஹுசைன், எஸ்.எச். ரஸா போன்றோரின் ஓவியங்களை வாங்க வசதியில்லாத பலர், அவர்கள் கையெழுத்திட்ட வரையறுக்கப்பட்ட பதிப்பு அச்சோவியங்களை வாங்குகிறார்கள். நல்ல பழக்கம்தான், வாங்கும் விதம்தான் கவலை தருகிறது. ஓரத்தில் பென்சிலால் 15/75 (75 பிரதிகளில் 15-வது) என்ற எண், ஒரு கையெழுத்து, முத்திரை குத்திய ‘அசல் சான்றிதழ்’: இவற்றைக் கண்டதும் பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டு, பில் கேட்காமல் வந்துவிடுகிறார்கள். சிக்கல் வரும்போது கையில் இருப்பது விற்றவரே அச்சடித்த சான்றிதழ் மட்டும். கையெழுத்து உண்மையானதாக இருந்தாலும் அது போதாது. 1974-ல் அந்தோரா எல்லையில் பிரெஞ்சு சுங்கத்துறை மடக்கிய வண்டியில், சால்வடோர் டாலியின் கையெழுத்து மட்டும் இருந்த சுமார் 40,000 வெற்றுத்தாள்கள் இருந்தன. அப்படிப்பட்ட தாளில் பிறகு யாரும் எதையும் அச்சிட்டுக்கொள்ளலாம்.

அச்சோவியம் விற்பவர் அதன் விவரங்களை எழுத்தில் தரவேண்டும் என்று கலிஃபோர்னியாவிலும் நியூயார்க்கிலும் தனிச்சட்டம் உண்டு. இந்தியாவில் அப்படி ஒன்று இல்லை. அதனால் அந்த வேலையை உங்கள் பில்தான் செய்தாக வேண்டும். கலைஞர் பெயர், படைப்பின் தலைப்பு, ஆண்டு, அச்சிட்டவர், எண்ணிட்ட பிரதிகள் எத்தனை, அவற்றுக்கு வெளியே ஏ/பி (கலைஞருக்கான பிரதி), எச்/சி (விற்பனைக்கு அல்லாத பிரதி) என்று குறித்த பிரதிகள் எத்தனை என்பதெல்லாம் பில்லில் வரவேண்டும். செரிகிராஃபா (திரை அச்சா), லித்தோகிராஃபா, எச்சிங்கா, இங்க்ஜெட்டில் எடுத்த ஜிக்ளேயா? அச்சுக்கென்றே உருவான படைப்பா, பழைய ஓவியத்தின் மறுபதிப்பா? கையெழுத்து கலைஞர் கையால் இட்டதா, படத்தோடு அச்சானதா? இவற்றுக்கும் அதில் பதில் இருக்க வேண்டும். ஹுசைன் 2011-லும் ரஸா 2016-லும் காலமானார்கள். அதற்குப் பிந்தைய பதிப்பில் கையெழுத்து இருந்தால் அது யார் இட்டது என்று கேளுங்கள். ஜிஎஸ்டி பில்லில் உள்ள, பொருளின் வகையைக் குறிக்கும் எச்.எஸ்.என். எண்ணையும் பாருங்கள். கலைஞர் தன் கையாலேயே உருவாக்கிய தகட்டிலிருந்து எடுத்த அச்சுக்கு 9702. இயந்திரத்தில் அச்சான படங்களுக்கு 4911. வாயால் ‘அசல்’ என்றவர் பில்லில் 4911 போட்டால், வாங்காமல் திரும்புங்கள்.

தெரிந்தவரிடம் இவ்வளவு கேட்பது அவமரியாதை என்கிறார்கள் சிலர். நேர்மையான கேலரிக்கு இந்த விவரங்களை எழுதித் தருவதில் சிரமமே இல்லை. தயங்குபவரிடம் வாங்காமல் இருப்பதே பாதுகாப்பு. பில் இல்லாவிட்டால் விலை குறையும் என்பது இன்னொரு வாதம். அந்தத் தள்ளுபடிக்கு ஈடாக வழக்கின் முக்கியச் சான்றையே விட்டுக்கொடுக்கிறீர்கள். மூன்றாவது வாதம்தான் அதிக ஆபத்தானது: ‘முதலீடாக வாங்கினேன்.’ மறுவிற்பனைக்காக வாங்கியவர் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 2(7) பிரிவின்படி நுகர்வோரே அல்ல. அவர் உரிமையியல் நீதிமன்றத்துக்குத்தான் போகவேண்டும். வீட்டில் மாட்டவே வாங்கியவர்கூட, விற்றவர் சொன்ன லாபக் கதையை மனுவில் எழுதி வழக்கைத் தானே பலவீனமாக்கிவிடக் கூடாது.

ஏமாற்றப்பட்டது தெரிந்தால், முதலில் பணத்தைத் திருப்பிக் கேட்டு ஸ்பீட் போஸ்டில் அறிவிப்பு அனுப்புங்கள். பதில் இல்லையென்றால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு. கொடுத்த விலை 50 லட்சம் ரூபாய் வரை அங்கேயே தாக்கல் செய்யலாம். 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது. விற்றவர் டெல்லியிலோ மும்பையிலோ இருந்தாலும், நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே தொடுக்கலாம். இது தெரியாமல்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். பில், பணம் செலுத்திய வங்கிச் சான்று, வாட்ஸ்அப் உரையாடல், சட்டமிடாத நிலையில் முன்னும் பின்னும் எடுத்த படங்கள் ஆகியவற்றை இணைத்து, பிரமாணப் பத்திரத்துடன் கொடுங்கள். முன்பின் தெரியாத இணையக் கணக்குக்குப் பணம் அனுப்பியிருந்தால், தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழையுங்கள்.

ஆணையத்தை அணுக இரண்டு ஆண்டுகள்தான் கெடு. தாமதத்துக்குத் தக்க காரணம் காட்டினால் ஏற்கலாம், ஏற்காமலும் போகலாம். விற்கப்போகும் அன்று பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடாதீர்கள். வாங்கிய வாரமே பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸை வைத்துப் பாருங்கள். செரிகிராஃபில் மை சீரான படலமாகப் படிந்திருக்கும். படம் முழுவதும் நாலு நிறப் புள்ளிகள் கொத்துக் கொத்தாகத் தெரிந்தால் அது ஆஃப்செட் அச்சு.