கடுகுக் குடும்பத்தின் மரபணு வரவு செலவு

தாளிக்க எடுக்கும் கடுகில் 1,000 மணிகளின் எடை சுமார் 3 முதல் 5 கிராம். ஒவ்வொரு மணியின் முளைக்கருவிலும் செல் ஒன்றுக்கு 36 குரோமோசோம்கள், அதாவது தொகுதி ஒன்றுக்கு 18. இந்த 18 இரு தாவரங்களின் கூட்டுத்தொகை: டர்னிப், சீன முட்டைக்கோஸ் ஆகியவற்றின் இனமான பிராசிக்கா ராப்பாவின் 10, கருங்கடுகின் 8. முட்டைக்கோஸ், காலிஃபிளவர், நூக்கல் மூன்றும் ஒரே இனம், அதற்கு 9. பத்தும் ஒன்பதும் சேர்ந்தது கனோலாவின் 19. எட்டும் ஒன்பதும் சேர்ந்தது எத்தியோப்பியக் கடுகின் 17. ஜப்பானில் பிறந்த கொரிய வம்சாவளி அறிஞர் ஊ ஜாங்-சுன் இந்தக் கூட்டலை 1935-ல் நிறுவினார். டி.என்.ஏ.வின் இரட்டைச் சுருள் வடிவம் தெரியவந்தது அதற்கு 18 ஆண்டுகள் கழித்து. குரோமோசோம்களை எண்ணியும் செடிகளைக் கலப்பினம் செய்தும் எட்டிய முடிவு அது. இன்றும் ஓர் எண்கூட மாறவில்லை.

டி.என்.ஏ. அளவிலும் இந்தக் கூட்டல் சரியாக வருகிறது. பிராசிக்கா ராப்பாவின் மரபணுத்தொகை 48.5 கோடி கார இணைகள் (2011), முட்டைக்கோஸுக்கு 63 கோடி (2014), கூட்டினால் 111.5 கோடி. கனோலாவின் மதிப்பீடு 113 கோடி (2014). வித்தியாசம் 1.5 சதவீதத்துக்கும் குறைவு. மரபணுக்களின் எண்ணிக்கையோ இடறுகிறது: 41,174-ம் 45,758-ம் சேர்ந்தால் 86,932, ஆனால் கனோலாவில் பதிவானது 1,01,040. இந்த 16 சதவீத மிகுதியைப் புதிய மரபணுக்கள் என்று கொள்ள முடியாது. எண்ணும் முறை ஆய்வுக்கு ஆய்வு வேறுபடும். முதன்முதலில் முழுமையாக வரிசைப்படுத்தப்பட்ட தாவரமான அராபிடாப்சிஸ் தாலியானாவுக்கே 2000-ல் 25,498 மரபணுக்கள் என்றார்கள். திருத்திய பட்டியல்களில் அது 27,000-ஐத் தாண்டியது. செடி அதேதான்.

கனோலா பிறந்து சுமார் 7,500 ஆண்டுகள்தான் ஆகின்றன; இரட்டிப்பான மரபணுக்களை இழப்பதற்கு அவகாசம் போதவில்லை. அவகாசம் கிடைத்தால் என்ன நடக்கும் என்பதை பிராசிக்கா ராப்பாவில் பார்க்கலாம். அதன் மூதாதையின் மரபணுத்தொகை முழுவதும் மூன்று மடங்கானது. அது நடந்த காலத்துக்கான மதிப்பீடுகள் 50 லட்சம் முதல் 2 கோடி ஆண்டுகளுக்கு மேல் வரை வேறுபடுகின்றன. தாலியானாவின் 27,000-ஐ அடிப்படையாகக் கொண்டால் 81,000 மரபணுக்கள் இருக்க வேண்டும். இருப்பவை 41,174, அதாவது 51 சதவீதம். கழிவு மூன்று பிரதிகளிலும் சமமாக நிகழவில்லை. முதல் பிரதியில் 70 சதவீதம் எஞ்சியது, இரண்டாவதில் 46, மூன்றாவதில் 36. எது போயிற்று என்பதைவிட எது நின்றது என்பதே எனக்கு முக்கியமாகப்படுகிறது. சூழலுக்கும் ஹார்மோன்களுக்கும் எதிர்வினை காட்டும் மரபணுக்கள் சராசரியைவிடக் கூடுதலாகத் தங்கின. குளிர் கழியும் வரை பூப்பைத் தடுத்துவைக்கும் எஃப்.எல்.சி. மரபணு தாலியானாவில் 1. பிராசிக்கா ராப்பாவில் 4.

சுருங்கிய கணக்கும் உண்டு. தாலியானாவின் மரபணுத்தொகை 12.5 கோடி இணைகள், குரோமோசோம் 5. சுமார் 1 கோடி ஆண்டுகளுக்கு முன் அதிலிருந்து பிரிந்த அராபிடாப்சிஸ் லைராட்டாவுக்கு 20.7 கோடி, குரோமோசோம் 8. டி.என்.ஏ.வில் 40 சதவீதம் குறைவு. மரபணுக்களில் (32,670-க்கு 27,000) 17 சதவீதம்தான் குறைவு. பெரும் இழப்பு மரபணுக்களுக்கு இடைப்பட்ட பகுதியிலும் இடம்விட்டு இடம் தாவும் டி.என்.ஏ. கூறுகளிலும் நிகழ்ந்தது. தாலியானாவின் தன்மகரந்தச் சேர்க்கையே காரணம் என்று சொல்லத் தோன்றும். ஆனால் தன்மகரந்தச் சேர்க்கை செய்யும் மற்றோர் இனமான கேப்செல்லா ரூபெல்லாவுக்கு 21.9 கோடி இணைகள், குரோமோசோம் 8. அந்த வழக்கம் அதில் அண்மையில் வந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

மொத்த அளவு தகவமைப்பைக் காட்டுவதில்லை. துருக்கியின் துஸ் உப்பு ஏரிக்கரையில் வளரும் ஷ்ரென்கியெல்லா பர்வுலாவுக்கு 14 கோடி இணைகள். உப்பு தாங்காத தாலியானாவைவிட 12 சதவீதமே அதிகம். சோடியத்தைக் கடத்தும் எச்.கே.டி.1 மரபணு தாலியானாவில் 1, பர்வுலாவில் 2, உப்பு தாங்கும் மற்றோர் உறவினமான யூட்ரீமா சால்சுகினியத்தில் 3. யூட்ரீமா லிட்டருக்குச் சுமார் 29 கிராம் உப்பைத் தாங்கும். கடல்நீரில் சுமார் 35 கிராம்.

துத்தநாகக் கணக்கு இன்னும் தெளிவானது. அராபிடாப்சிஸ் ஹல்லெரியின் உலர் இலையில் கிலோவுக்கு 10,000 மில்லிகிராமுக்கு மேல், அதாவது 1 சதவீதத்துக்கு மேல், துத்தநாகம் சேர்கிறது. வேரிலிருந்து அதை மேலே ஏற்றும் எச்.எம்.ஏ.4 மரபணு தாலியானாவில் 1, ஹல்லெரியில் அடுத்தடுத்து 3. ஆனால் எண்ணிக்கை மட்டுமல்ல, ஒவ்வொரு பிரதியும் இயங்கும் வேகமும் கூடியிருக்கிறது. 2008-ல் வெளியான ஆய்வில் இந்த மரபணுவை ஒடுக்கியதும் ஹல்லெரியின் இலைகளில் துத்தநாகம் குறைந்தது. அதே மரபணுவைத் தாலியானாவுக்கு மாற்றியபோது துத்தநாகம் செடிக்குள் பங்கிடப்படும் முறை மாறியது. தாங்கும் திறன் கூடவில்லை, மாறாகச் செடி துத்தநாகத்தால் எளிதில் பாதிக்கப்பட்டது.