நிகழ்வு வெளியனுப்பல்

நிகழ்வு வெளியனுப்பல் என்பது, ஒரு மென்பொருளினுள் ஏற்பட்ட மாற்றத்தைப் பற்றிய அறிவிப்பை, அம்மென்பொருளுக்கு வெளியே இயங்கும் செய்தித் தரகு வழங்கி ஒன்றிடம் ஒப்படைக்கும் செயலாகும். "ஆணை பெறப்பட்டது", "கட்டணம் செலுத்தப்பட்டது" போன்ற அறிவிப்புகள் நிகழ்வுகள் எனப்படுகின்றன. ஆங்கிலத்தில் மெசேஜ் புரோக்கர் என்று அழைக்கப்படும் தரகு வழங்கி, அனுப்பும் மென்பொருளிடமிருந்து செய்தியைப் பெற்று வைத்திருந்து பெறும் மென்பொருள்களுக்கு வழங்குகிறது. 2007 ஆம் ஆண்டில் வெளிவந்த ராபிட்எம்கியூ, லிங்க்ட்இன் நிறுவனத்தில் உருவாக்கப்பட்டு 2011 ஆம் ஆண்டில் திறமூலமாக்கப்பட்ட காஃப்கா ஆகியவை இவ்வகையில் பரவலாக அறியப்பட்டவை.

கூறுகளும் நிகழ்வுகளும்

பெரிய மென்பொருள்கள் பல கூறுகளாகப் பிரித்து எழுதப்படுகின்றன. எந்த அடிப்படையில் பிரிப்பது என்பது பற்றி டேவிட் பார்னாஸ் 1972 ஆம் ஆண்டில் எழுதிய கட்டுரை, பின்னர் மாறக்கூடிய வடிவமைப்பு முடிவுகளை அந்தந்தக் கூறினுள் மறைத்துவைக்க வேண்டும் என்றது. நிகழ்வுகள் இதற்குத் துணைசெய்கின்றன. எடுத்துக்காட்டாக, இணையவழி நூல் விற்பனை மென்பொருள் ஒன்றில் ஆணைக் கூறு, "ஆணை பெறப்பட்டது" என அறிவிப்பதோடு நின்றுவிடும். அதைக் கேட்டுப் பொதி அனுப்பும் கூறு எது, கணக்கெழுதும் கூறு எது என்பதை அது அறிந்திருக்கத் தேவையில்லை.

கூறுகள் அனைத்தும் ஒரே நிரலாக ஒரே தரவுத்தளத்தைப் பயன்படுத்தும் வரை சிக்கல் பெரிதாக எழுவதில்லை. பொதி அனுப்பும் பணி தனி மென்பொருளாகப் பிரிக்கப்படும்போதோ, வேறொரு நிறுவனத்தின் மென்பொருள் இந்நிகழ்வுகளைக் கேட்க விரும்பும்போதோ தரகு வழங்கி இடையில் வருகிறது.

இரட்டை எழுத்துச் சிக்கல்

ஆணை தரவுத்தளத்திலும், அதைப் பற்றிய செய்தி தரகு வழங்கியிலும் எழுதப்பட வேண்டும். இவை இரண்டும் தனித்தனி அமைப்புகள். முதலில் ஆணையைச் சேமித்துப் பின்னர் செய்தியை அனுப்புவதாகக் கொள்வோம். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட நொடியில் மின்சாரம் நின்றால், வாசகர் பணம் கட்டியிருப்பார், ஆணையும் பதிவாகியிருக்கும், ஆனால் கிடங்குக்குச் செய்தி போயிராது. பிழைச் செய்தி எதுவும் தோன்றாததால், வாசகர் முறையிடும் வரை இது எவர் கண்ணிலும் படுவதில்லை.

வரிசையை மாற்றினாலும் பயனில்லை. செய்தி போனபின் தரவுத்தளப் பரிவர்த்தனை தோல்வியுற்றால், இல்லாத ஆணைக்கு நூல் அனுப்பப்படும். பரிவர்த்தனை முடிவதற்கு முன் அதன் உள்ளிருந்தே செய்தியை அனுப்புவதும் இதே குறையை உடையது. தரவுத்தளத்தில் எழுதியதைத் திரும்பப் பெறலாம். தரகு வழங்கி பெற்றுக்கொண்ட செய்தியைத் திரும்பப் பெற இயலாது. மேலும், தரகு வழங்கி மெதுவாக இயங்கும்போது பரிவர்த்தனைகளும் திறந்தபடியே காத்துநிற்கும்.

இருவேறு அமைப்புகளை ஒருசேர உறுதிசெய்யும் ஈர்கட்ட உறுதிசெய்தல் என்னும் முறையை ஜிம் கிரே 1978 ஆம் ஆண்டில் வெளியிட்ட குறிப்புகளில் விளக்கினார். 1991 ஆம் ஆண்டில் எக்ஸ்/ஓப்பன் அமைப்பு இதற்கென எக்ஸ்ஏ என்னும் சீர்தரத்தை வெளியிட்டது. ஆயினும் ஒருங்கிணைப்பி இடையில் செயலிழந்தால், ஏனைய அமைப்புகள் தம் பூட்டுகளை விடாமல் காத்திருக்க நேரிடும். காஃப்கா எக்ஸ்ஏ முறையை ஆதரிப்பதும் இல்லை. ஆகவே நடைமுறையில் வேறு வழி கையாளப்படுகிறது.

வெளிச்செல் பெட்டி

அவ்வழி வெளிச்செல் பெட்டி முறை எனப்படுகிறது. பழைய அலுவலகங்களில் அனுப்பவேண்டிய கடிதங்களை மேசை மீதுள்ள தட்டில் இட்டுவைப்பதை இது ஒத்தது. ஆணையைச் சேமிக்கும் அதே பரிவர்த்தனையில், "இச்செய்தி அனுப்பப்பட வேண்டும்" என்னும் பதிவும் அதே தரவுத்தளத்தின் தனி அட்டவணை ஒன்றில் எழுதப்படுகிறது. இரண்டும் பதியும், அல்லது இரண்டுமே பதியாது. பின்னர் தனியே இயங்கும் அஞ்சல் நிரல் அவ்வட்டவணையைப் படித்துச் செய்தியைத் தரகு வழங்கிக்கு அனுப்பி, அது பெற்றுக்கொண்டதை உறுதிசெய்த பின் பதிவை முடிந்ததாகக் குறிக்கிறது.

ஜாவா மொழியில் இதனை ஆயத்தமாகத் தரும் கருவிகளுள் ஸ்பிரிங் மாடுலித் ஒன்று. இதன் 1.0 பதிப்பும், தரகு வழங்கிகளுக்கு அனுப்பும் வசதியைச் சேர்த்த 1.1 பதிப்பும் 2023 ஆம் ஆண்டில் வெளிவந்தன. நிகழ்வு வகுப்பின் மேல் ஒரு குறிப்பு இட்டால் போதும். அது எப்பெயருடைய தலைப்புக்கு, எந்தத் திறவுகோலுடன் செல்லவேண்டும் என்பதையும் அக்குறிப்பிலேயே எழுதலாம். அனுப்புதல் தோல்வியுற்றால் பதிவு முடியாததாகவே அட்டவணையில் தங்கும். அதனை மீண்டும் அனுப்ப ஏற்பாடு செய்வது நிரலாளரின் பொறுப்பு. இதை மறந்தவர்களின் அட்டவணையில் அனுப்பப்படாத நிகழ்வுகள் அமைதியாகக் குவிந்துகொண்டிருக்கும்.

அஞ்சல் நிரலைத் தாமே எழுதுவோர் வழுக்கும் இடம் ஒன்று உண்டு. "கடைசியாகப் படித்த எண் 100, இனி 101 முதல் படிக்கலாம்" என்று எழுதுவது இயல்பாகத் தோன்றும். ஆனால் பல தரவுத்தளங்களில் வரிசை எண் பதிவு எழுதப்படும்போதே வழங்கப்படுகிறது. பரிவர்த்தனை உறுதியாவதோ அதற்குப் பின். எண் 101 பெற்ற பரிவர்த்தனை நீண்டு, எண் 102 பெற்றது முந்தி உறுதியானால், அஞ்சல் நிரல் 102 ஐப் படித்துவிட்டு மேலே செல்லும். 101 என்றென்றும் விடுபடும். சோதனைகளில் அரிதாகவே தலைகாட்டும் இப்பிழை, பளு மிகுந்த நாளில் தோன்றும். எண்ணை நம்பாமல், முடியாத பதிவுகளைத் தேடிப் படிப்பதே பாதுகாப்பானது.

அட்டவணையைத் திரும்பத் திரும்பப் படிப்பதற்கு மாற்றாக, தரவுத்தளம் தனக்கென எழுதிவைக்கும் மாற்றப் பதிவேட்டைப் படிக்கும் முறையும் உண்டு. டெபீசியம் என்னும் திறமூல மென்பொருள் போஸ்ட்கிரெஸ்கியூஎல், மைஎஸ்கியூஎல் முதலியவற்றின் பதிவேடுகளை இவ்வாறு படிக்கிறது. உறுதியான வரிசையிலேயே மாற்றங்கள் கிடைப்பதால் மேற்சொன்ன பிழை இதில் எழுவதில்லை. ஆனால் படிப்பது நின்றுவிட்டால், போஸ்ட்கிரெஸ்கியூஎல் படிக்கப்படாத பதிவேட்டை அழிக்காமல் வைத்திருக்கும். வரம்பு எதுவும் அமைக்கப்படாவிடில் வட்டு நிரம்பித் தரவுத்தளமே நின்றுபோகக்கூடும்.

இருமுறை வரும் செய்திகள்

செய்தியை அனுப்பியபின், பதிவை முடிந்ததாகக் குறிக்கும் முன் அஞ்சல் நிரல் செயலிழந்தால், மீண்டும் எழுந்ததும் அதே செய்தியை இன்னொரு முறை அனுப்பும். வெளிச்செல் பெட்டி, செய்தி தொலைவதைத் தடுக்கிறது. இருமுறை வருவதைத் தடுப்பதில்லை. காஃப்காவின் 0.11 பதிப்பில், 2017 ஆம் ஆண்டில், அனுப்பும் நிரல் தன் ஓட்டத்தினுள் மறுமுயற்சி செய்வதால் உண்டாகும் இரட்டிப்பை நீக்கும் வசதி சேர்க்கப்பட்டது. ஆனால் செயலிழந்து புதிதாகத் தொடங்கிய அஞ்சல் நிரல் மீண்டும் அனுப்பும் செய்தியை அவ்வசதி பழையது என அறியாது.

ஆதலால் பெறுபவரே எச்சரிக்கையாக இருத்தல் வேண்டும். ஒவ்வொரு செய்திக்கும் தனி அடையாள எண் தரப்படுகிறது. பெறுபவர் தம் பணியைச் செய்யும் அதே பரிவர்த்தனையில் அவ்வெண்ணையும் பதிந்துகொள்வார். ஏற்கனவே பதிந்த எண் மீண்டும் வந்தால் செய்தியைப் புறக்கணிப்பார். தரவுத்தளத்தோடு முடியும் பணிகளுக்கு இது போதுமானது. மின்னஞ்சல் அனுப்புவது போன்ற, பரிவர்த்தனைக்குள் அடங்காத பணிகளில் அரிதாக இரண்டாவது மடல் போவதைத் தவிர்க்க இயலாது.

வரிசை

ஓர் ஆணை "நீக்கப்பட்டது" என்ற செய்தி, அது "பெறப்பட்டது" என்பதற்கு முன் வந்து சேர்ந்தால் குழப்பம் நேரும். காஃப்காவில் ஒரு தலைப்பு பல பிரிவுகளாகப் பகுக்கப்படுகிறது. வரிசை ஒரு பிரிவினுள் மட்டுமே காக்கப்படும். ஆணை எண்ணைத் திறவுகோலாகத் தந்தால், பிரிவுகளின் எண்ணிக்கை மாறாத வரை, அவ்வாணை பற்றிய செய்திகள் ஒரே பிரிவுக்குச் செல்லும். எனினும் தோல்வியுற்ற செய்தி ஒன்று பின்னர் தனியே மறுபடி அனுப்பப்படும்போது இவ்வரிசை குலையலாம்.

எதை அனுப்புவது

உள்ளே புழங்கும் நிகழ்வை அப்படியே வெளியே அனுப்புவது எளிது. ஆனால் அதன் வடிவத்தை வெளியார் சார்ந்திருக்கத் தொடங்கியபின், ஒரு புலத்தின் பெயரை மாற்றுவதும் அவர்களது மென்பொருளை முறிக்கும். பார்னாஸ் மறைத்துவைக்கச் சொன்னது இவ்வாறு வெளியே கசிந்துவிடுகிறது. வாடிக்கையாளரின் முகவரி, தொலைபேசி எண் முதலியவை தேவையின்றி வெளியேறும் இடமும் இதுவே. எனவே வெளியே செல்வதற்கெனத் தனி வடிவம் ஒன்றை வகுத்து, உள்நிகழ்வை அவ்வடிவத்துக்கு மாற்றி அனுப்புவது வழக்கம். பெறுபவர் ஓரிருவராக இருக்கும்போதே இதனைச் செய்வது எளிது. பலர் சேர்ந்தபின் பழைய வடிவத்தையும் புதிய வடிவத்தையும் சில காலம் இணையாக அனுப்பவேண்டி வருகிறது.