டெக்சாஸில் வீடும் காரும் வாங்கியாச்சா? சேல்ஸ் டாக்ஸையும் கணக்குல சேருங்க!

‘டெக்சாஸ்ல ஸ்டேட் இன்கம் டாக்ஸே கிடையாதாம்!’ - ஹூஸ்டனிலோ டல்லாஸிலோ வேலை கிடைத்தவர்கள் ஊருக்கு போன் போட்டு முதலில் சொல்லும் சந்தோஷச் செய்தி இதுதான். உண்மைதான். ஆனால், மாகாணம் சும்மா விடுமா? கடையில் வாங்கும் பெரும்பாலான பொருள்களுக்கு மாகாணத்தின் பங்கு 6.25 சதவிகிதம், உள்ளூர் நிர்வாகங்களுக்கு 2 சதவிகிதம் வரை என மொத்தம் 8.25 சதவிகிதம் வரை சேல்ஸ் டாக்ஸ் போட்டுவிடுவார்கள். அரிசி, பருப்பு, காய்கறிக்குக் கிடையாது என்பது ஒரு ஆறுதல்.

இப்படிக் கட்டிய சேல்ஸ் டாக்ஸை ஃபெடரல் வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம். 1986-ல் நீக்கப்பட்ட இந்தச் சலுகை 2004-ல் திரும்பி வந்து, 2015-ல் நிரந்தரமானது. ஒரே நிபந்தனை, மாகாண வருமான வரி அல்லது சேல்ஸ் டாக்ஸ், இரண்டில் ஒன்றைத்தான் கழிக்க முடியும். கலிபோர்னியாவில் இருப்பவர்களுக்குப் பெரும்பாலும் வருமான வரியே லாபம். டெக்சாஸ், ஃப்ளோரிடா, டென்னசி மாதிரி சம்பளத்துக்கு மாகாண வரி இல்லாத இடங்களில்தான் சேல்ஸ் டாக்ஸுக்கு மவுசு.

‘அதெல்லாம் நமக்கு ஒத்துவராதுங்க’ என்று பலரும் இதைக் கண்டுகொள்வதே இல்லை. 2024 வரை அது சரியான முடிவுதான். சொத்து வரி, சேல்ஸ் டாக்ஸ் எல்லாம் சேர்த்து வருடத்துக்கு 10,000 டாலருக்கு மேல் கழிக்க முடியாது. டெக்சாஸில் சொந்த வீடு இருந்தால் சொத்து வரியே அந்த வரம்பைத் தின்றுவிடும். 2025-ம் ஆண்டுக் கணக்கில் இந்த வரம்பு 40,000 டாலராக உயர்ந்துவிட்டது. (வருமானம் 5 லட்சம் டாலரைத் தாண்டினால் குறையும். நம்மில் எத்தனை பேருக்கு அந்தக் கவலை!)

ஹூஸ்டன் பக்கம் சுகர்லேண்டில் ஒரு தம்பதி, வருட வருமானம் 1,60,000 டாலர் என்று வைத்துக்கொள்வோம். 2025-ல் சொத்து வரி 11,000, வீட்டுக்கடன் வட்டி 17,000, கோயில் நன்கொடை 2,000. மொத்தம் 30,000 டாலர். எதையும் பட்டியல் போடாமலே அரசு தரும் ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் தம்பதிக்கு 31,500. அப்போ பட்டியல் போடுவது வீண்தானே? இருங்க. அந்த வருடம் 40,000 டாலருக்கு கார் வாங்கியிருக்கிறார்கள், வரி 2,500. அன்றாடச் செலவுகளுக்கான சேல்ஸ் டாக்ஸ் இன்னொரு 2,500. இப்போது மொத்தம் 35,000! கூடுதலாகக் கழிவது 3,500 டாலர். 22 சதவிகித வரி அடுக்கில் இருப்பதால் மிச்சம் 770 டாலர்.

‘வருஷம் முழுக்க பில் சேர்த்து வைக்கணுமா?’ தேவையில்லை. ஐ.ஆர்.எஸ் இணையதளத்தில் இதற்கென்றே கால்குலேட்டர் இருக்கிறது. வருமானம், குடும்பத்தில் எத்தனை பேர், ஜிப் கோடு ஆகியவற்றைக் கொடுத்தால் தோராயமான தொகையைச் சொல்லிவிடும். அதன் மேல் கார், படகு, வீடு கட்டுவது போன்ற சில பெரிய செலவுகளின் வரியைத் தனியாகக் கூட்டிக்கொள்ளலாம். நகைக்கு அந்தச் சலுகை இல்லை. கல்யாணத்துக்கு மொத்தமாக நகை எடுத்தவர்கள், கால்குலேட்டரை விட்டுவிட்டு எல்லா பில்களையும் கூட்டிப் பார்ப்பது நல்லது. இந்தியாவில் கட்டிய ஜி.எஸ்.டி இதில் சேராது.

ஃபாரம் 1040-உடன் இணைக்கும் ஷெட்யூல் ஏ-யில் 5ஏ என்ற வரியில் இந்தத் தொகையை எழுதி, பக்கத்தில் இருக்கும் கட்டத்தை டிக் செய்ய வேண்டும். டிக் செய்யாவிட்டால் அது வருமான வரிக்கான தொகை என்றாகிவிடும்.

எஃப்-1 விசாவில் படிக்கும் மாணவர்கள் பொதுவாக முதல் ஐந்து ஆண்டுகள் 1040-என்.ஆர் தாக்கல் செய்வார்கள். அந்தப் படிவத்தில் சேல்ஸ் டாக்ஸைக் கழிக்க இடமே கிடையாது. இந்திய மாணவர்களுக்கு இரு நாட்டு வரி ஒப்பந்தப்படி ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் உண்டு.

2025-க்கான கணக்கை ஏற்கெனவே ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷனில் முடித்துவிட்டவர்கள், கார் வாங்கிய பேப்பரைத் தேடி எடுங்கள். பட்டியல் போட்டால் லாபம் என்று தெரிந்தால், 1040-எக்ஸ் படிவம் மூலம் பொதுவாக மூன்று ஆண்டுகளுக்குள் திருத்திக்கொள்ளலாம்.