குதிரை ஏன் மரத்தில் உரசுகிறது?

கெட்டிக்காரப் பிள்ளையே, மஃரிப் பாங்குக்குக் கொஞ்சம் முன்னால் மாட்டுப் பட்டிப் பக்கம் போயிருக்கிறாயா? மாடுகள் வாலைச் சுழற்றும், காதை ஆட்டும், காலை உதறும். பட்டிக்காரர் புகை போட்டிருந்தால் அதற்குள்ளேயே போய் நிற்கும். ஏன் என்று கேட்கிறாயா? மாஷா அல்லாஹ்! நல்ல கேள்வி.

கடிப்பது நுளம்பு மட்டுமல்ல. அதைவிடச் சின்னப் பூச்சி ஒன்று இருக்கிறது. விஞ்ஞானிகள் வைத்த பெயர் கூலிகாய்டிஸ். நீளம் 1 முதல் 3 மில்லிமீற்றர்தான். சாதாரண நுளம்பு வலையின் கண்ணுக்குள்ளும் புகுந்துவிடும். சேற்றிலும் ஈரச் சாணியிலும் இதன் புழுக்கள் வளரும். பெண் பூச்சிதான் இரத்தம் குடிக்கும், முட்டைக்காக.

மாட்டுக்கு இது தொல்லை. சில குதிரைகளுக்கோ இது பெரிய நோய்.

குதிரை என்றதும் நம் இலங்கையில் நெடுந்தீவுதான் நினைவுக்கு வரும். குறிகட்டுவானில் படகேறிப் போக வேண்டும். போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலத்துக் குதிரைகளின் வழிவந்த மட்டக்குதிரைகள் அங்கே தாமாகவே மேய்கின்றன. 2015இல் அந்த இடம் தேசியப் பூங்காவானது. நீ போகும்போது ஒரு குதிரை மரத்தில் முதுகை உரசினால் உடனே பயந்துவிடாதே. எல்லாக் குதிரையும் சொறியும். பிடரி மயிரும் வாலின் அடிமயிரும் கொட்டி, தோல் தடித்து, புண்ணாகி இருந்தால்தான் பூச்சிக்கடிச் சொறியோ என்று யோசிக்க வேண்டும்.

ஒரே பூச்சி கடித்தும் ஒரு குதிரை சும்மா நிற்கிறது, இன்னொன்று துடிக்கிறது. எப்படி? பள்ளிக்கூடத்துக்குள் ஒரு பூனைக்குட்டி வந்ததற்கு ஆபத்து மணி அடித்தால் என்ன நடக்கும்? எல்லா வகுப்பும் முண்டியடித்து ஓடி, கதிரை மேசை உடையும். பூனைக்குட்டி எதையும் உடைக்கவில்லை. பூச்சியின் எச்சிலைக் கண்டு குதிரையின் உடம்பு இப்படித்தான் மணி அடித்துவிடுகிறது. இதற்கு ஒவ்வாமை என்று பெயர். ஒரு குதிரையிடமிருந்து இன்னொன்றுக்குத் தொற்றாது. விளங்குதா?

இந்த ஒவ்வாமைக்கு ஐஸ்லாந்து நல்ல சாட்சி. ஆயிரம் வருடத்துக்கு மேலாகக் குதிரை வளர்க்கும் குளிர்நாடு அது. குதிரையைக் கடிக்கும் இந்தப் பூச்சி நெடுங்காலமாக அங்கே இருக்கவில்லை. அங்கே பிறந்து ஐரோப்பாவுக்கு விற்கப்பட்ட குதிரைகளில், பூச்சி மிகுந்த இடங்களில், சில வருடங்களுக்குள் பாதிக்கும் மேற்பட்டவை சொறி பிடித்துத் துடித்தன. அதே இனத்தில் ஐரோப்பாவிலேயே பிறந்த குட்டிகளுக்கு அவ்வளவு வரவில்லை. குட்டியிலிருந்தே கடிபட்டுப் பழகிய உடம்பு மணி அடிப்பது குறைவு. எனக்கு இது பெரிய அதிசயமாகத் தெரிகிறது!

இந்த ஒவ்வாமையை முழுதாகப் போக்கும் மருந்து இல்லை. மிருக வைத்தியர் ஊசி போட்டு அரிப்பைத் தணிக்கலாம், அவ்வளவுதான். ஆகவே கடிபடாமல் காப்பதே வழி. பூச்சி அதிகம் பறப்பது விடியலிலும் அந்தியிலும். அஸர் தொழுகை முடிந்ததும் குதிரையை லாயத்துக்குள் கட்டி, காலையில் வெயில் ஏறிய பிறகு அவிழ்த்து விடலாம். சன்னலுக்கு மிகச் சின்னக் கண்களுள்ள வலை வேண்டும்.

இந்தப் பூச்சி காற்றில் நிலைத்துப் பறக்கத் தெரியாதது. கடற்கரையில் காற்று வீசும்போது அதற்குக் கஷ்டம். லாயத்தில் மின்விசிறி போட்டாலும் அதே கஷ்டம்தான். புகை போடலாமே என்கிறாயா? யோசனை சரி, ஆனால் மூடிய லாயத்தில் புகை குதிரையின் நெஞ்சுக்குக் கெடுதி. உடம்பு முழுக்க மூடும் மெல்லிய துணிப் போர்வை அதைவிட நல்லது. சாணியை அன்றன்று அள்ளி, தேங்கிய தண்ணீரை வடிய விட வேண்டும்.

பெர்மெத்ரின் என்ற பூச்சிமருந்தும் பூசுவார்கள். அது பெரியவர்கள் செய்ய வேண்டிய வேலை. அந்த நேரம் வீட்டுப் பூனையை நீ தூக்கிக்கொண்டு தூரப் போய்விடு. குதிரைக்கு உதவும் அந்த மருந்து பூனைக்கு நஞ்சு.