கச்சா எண்ணெயில் மெழுகு எப்போது பிரியும்? எப்படி அறிவது?

குளிர்காலக் காலையில் தேங்காய் எண்ணெய் முதலில் கலங்கும், பிறகே உறையும். கச்சா எண்ணெயில் கரைந்துள்ள மெழுகும் அப்படித்தான். சூடு தணிந்தால் நுண்படிகங்களாகப் பிரிந்து, குழாய்ச் சுவரில் படிந்து, வழியை அடைக்கும்.

முதல் படிகம் தோன்றும் வெப்பநிலை எது? டீசல் கலங்குவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். கச்சா எண்ணெயோ கறுப்பு. அதனால் ஒரு துளியைக் கண்ணாடித் தகடுகளுக்கிடையே மெல்லிய படலமாக்கி, மெழுகு முழுதும் கரையச் சூடாக்கி, நுண்ணோக்கியின் கீழ் மெதுவாகக் குளிர்விக்கிறார்கள். ஒன்றுக்கொன்று குறுக்காக வைத்த இரு முனைவாக்கிகள் (ஒரே தளத்தில் அதிரும் ஒளியை மட்டும் விடும் தகடுகள்) ஒளியைத் தடுப்பதால் எங்கும் இருட்டு. திரவம் அதை மாற்றாது. படிகம் ஒளியின் அதிர்வுத் தளத்தைத் திருப்பிவிடும். முதல் வெண்புள்ளி மின்னும்போது உள்ள வெப்பநிலையே விடை.

ராஜஸ்தானின் மங்களா எண்ணெய் வயலின் கச்சா எண்ணெயில் மெழுகு அதிகம். ஆகவே அங்கிருந்து குஜராத் செல்லும் குழாயை வழிநெடுக சுமார் 65 டிகிரி செல்சியஸ் சூட்டில் வைத்திருக்கிறார்கள்.