நெய்க்காரப்பட்டிச் சங்கம் நிதி கேட்கப் போனால்

அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரத்தில் மேயராக இருந்தவர் பிரையன் முல்லன்ஃபி. 1851-ல் அவர் இறந்தபோது, சொத்தில் மூன்றில் ஒரு பங்கை ஓர் அறத்துக்கு எழுதிவைத்திருந்தார். மேற்கே குடியேறப் போகும் வழியில் அந்த நகரத்துக்கு வந்துசேரும் ஏழைப் பயணிகளுக்கு மட்டுமே அந்தப் பணம் உதவ வேண்டும் என்பது உயிலின் நிபந்தனை. பிறகு ரயில் வந்தது, குடியேற்றக் காலமும் முடிந்தது. பயணிகள் குறைந்துபோனார்கள், பணம் மட்டும் வளர்ந்துகொண்டிருந்தது. அதே நகரத்தில் வேறு ஏழைகள் இருந்தும் உயிலை மீறி அவர்களுக்குக் கொடுக்க வழியில்லாமல் இருந்தது.

தமிழ்நாட்டுக்காரர்களுக்கு இது விளங்கச் சிரமமே இல்லை. நடந்து போனவர்களுக்காகக் கட்டிய எத்தனையோ சத்திரங்கள், அவர்களின் பேரப்பிள்ளைகள் பஸ் ஏறிய பிறகு பூட்டிக் கிடக்கின்றன. கொடுத்தவரின் மனம் பெரியது. ஆனால் நூறாண்டு கழித்து ஊருக்கு எது தேவைப்படும் என்று யாராலும் முன்கூட்டி எழுதிவைக்க முடியாது.

இதற்கு ஒரு மாற்றைக் கண்டவர் ஃபிரெடரிக் காஃப் என்ற வங்கித் தலைவர். 1914-ல் ஓஹாயோ மாநிலத்தின் கிளீவ்லண்ட் நகரில் அவர் தொடங்கியதுதான் உலகின் முதல் சமூக அறக்கட்டளை. ஊர்க்காரர்கள் பலர் கொடுக்கும் பணமும் சொத்தும் அங்கே ஒன்றாகச் சேரும். அதன் வருமானத்தை எந்த வேலைக்குக் கொடுப்பது என்பதை அந்தந்தக் காலத்தில் ஊரறிந்த ஒரு குழு தீர்மானிக்கும். இன்று அமெரிக்காவில் மட்டும் இத்தகைய அறக்கட்டளைகள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. அவற்றிடம் நிதி கேட்கும் முறை பெரும்பாலும் ஒன்றுதான்: முதலில் இரண்டு பக்கத்துக்குள் ஒரு விசாரிப்புக் கடிதம்; அவர்களுக்கு விருப்பம் வந்தால் முழு விண்ணப்பம்; பிறகு அலுவலர் நேரில் வந்து பார்ப்பார்; குறித்த மாதங்களில் குழு கூடி முடிவெடுக்கும். கொடையாளர்கள் தங்கள் பெயரில் தனி நிதி வைத்துக்கொண்டு, யாருக்குக் கொடுக்கலாம் என்று யோசனை சொல்லும் ஏற்பாடும் உண்டு. அதனால் அலுவலரிடம் முகம் தெரிந்த சங்கத்துக்கு இன்னொரு வாசலும் திறக்கும். பொது நிதியிலிருந்து கிடைக்காதது ஒரு கொடையாளரின் நிதியிலிருந்து கிடைக்கக்கூடும்.

இந்தியாவில் இந்த வகை மிக அரிது. மும்பையில் 1991-ல் தொடங்கிய பாம்பே கம்யூனிட்டி பப்ளிக் டிரஸ்ட், அந்த ஒரு மாநகரத்தை எல்லையாக வைத்துக்கொண்டு அங்கே வேலைசெய்யும் தொண்டு நிறுவனங்களுக்கு நிதி வழங்கிய முன்னோடி. இலங்கையில், 1999-ல் கொல்லப்பட்ட நாடாளுமன்ற உறுப்பினர் நீலன் திருச்செல்வத்தின் பெயரில் இயங்கும் அறக்கட்டளை சிறிய உள்ளூர்க் குழுக்களுக்கு நல்கை தருகிறது.

அப்படியானால் பழனிக்கு மேற்கே, கரும்பும் தென்னையும் மக்காச்சோளமும் விளைகிற நெய்க்காரப்பட்டி போன்ற ஒரு பேரூராட்சியில், கூலி வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளுக்கு மாலை நேரப் படிப்பகம் நடத்த நினைக்கும் ஒரு சங்கம் எங்கே போய்க் கேட்பது? கிளீவ்லண்டில் ஒரே கட்டடத்தில் இருக்கும் வேலை இங்கே பல கைகளில் பிரிந்து கிடக்கிறது. கம்பெனிகள் சமூகப் பொறுப்புக்காகத் தரும் சிஎஸ்ஆர் பணம் ஒரு கை, ஊரக வளர்ச்சி வங்கியான நபார்டு ஒரு கை, மாநில அரசின் நமக்கு நாமே திட்டம் ஒரு கை, வெளிநாடு போன தமிழர்கள் ஒரு கை. ஒவ்வொன்றும் தனித்தனி நிபந்தனை வைக்கிறது. ஆனாலும் எல்லாருமே கடைசியில் பார்ப்பது இரண்டை: கணக்கு நேராக இருக்கிறதா, உள்ளூர் மக்கள் இந்த வேலையைத் தங்களுடையதாக நினைக்கிறார்களா. சின்னச் சங்கத்திடம் பெரிய நிறுவனத்தைவிடச் சிறப்பாக இருக்கக்கூடியவை இந்த இரண்டும்தான் என்பதைச் சங்கங்களே பல நேரம் உணர்வதில்லை.

முதலில் காகிதம். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-ன்படி, ஏழு பேர் சேர்ந்தால் சங்கத்தைப் பதிவு செய்யலாம். டிரஸ்டாகவும் பதியலாம், கம்பெனிச் சட்டத்தின் 8-வது பிரிவில் லாப நோக்கற்ற கம்பெனியாகவும் பதியலாம். பதிவோடு வேலை முடிந்துவிட்டதாக நினைப்பதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். ஆண்டுதோறும் பொதுக்குழு கூட்டி, ஆடிட்டர் பார்த்த கணக்கை மாவட்டப் பதிவாளரிடம் தாக்கல் செய்ய வேண்டும். சங்கத்தின் வருமானத்துக்கு வரிவிலக்குப் பெற வருமான வரித்துறைப் பதிவு வேண்டும். இத்தனை காலம் அதை 12ஏ என்றும் 12ஏபி என்றும் சொல்லி வந்தோம். கொடுப்பவருக்கு வரிச்சலுகை கிடைக்க 80ஜி வேண்டும். 1961-ம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் வருமான வரிச் சட்டம் 2025 வருவதால், 2026 ஏப்ரல் 1 முதல் இந்தப் பிரிவு எண்கள் மாறுகின்றன. ஆடிட்டரிடம் கேட்டுச் சரிபார்த்த பிறகே விண்ணப்பத்தில் எழுத வேண்டும். நிதி ஆயோக்கின் தர்பண் தளத்தில் பதிந்து ஓர் அடையாள எண்ணும் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

80ஜி பற்றி ஒரு வார்த்தை. ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் சலுகை கிடையாது. புதிய வரி முறையைத் தேர்ந்தெடுத்த தனிநபருக்கும் கிடையாது. ஊர் மளிகைக் கடைக்காரரிடம் “வரி மிச்சமாகும்” என்று வாக்குக் கொடுக்கும் முன் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். பொய்யாகிப்போன ஒரு வாக்கு, சங்கத்தின் பெயரைப் பத்து ஆண்டு துரத்தும்.

காகிதம் ஒழுங்கானால் சிஎஸ்ஆர் கதவைத் தட்டலாம். நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி ஆகிய மூன்றில் ஏதேனும் ஒன்றை எட்டிய கம்பெனி, கடந்த மூன்று ஆண்டுகளின் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்கிறது கம்பெனிச் சட்டம் 2013-ன் 135-வது பிரிவு. அதே பிரிவில், கம்பெனி தான் இயங்கும் வட்டாரத்துக்கு முன்னுரிமை தர வேண்டும் என்ற வரியும் இருக்கிறது. நெய்க்காரப்பட்டிச் சங்கத்துக்கு மிகவும் பயன்படக்கூடிய வரி அது. சென்னையில் தலைமையகம் உள்ள பெரிய பெயர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பிக் காத்திருப்பதைவிட, பழனி, உடுமலை, வேடசந்தூர் பக்கம் ஆலையோ கிடங்கோ வைத்திருக்கும் கம்பெனிகளில் எவை இந்த வரம்புக்குள் வருகின்றன என்று ஆண்டறிக்கைகளைப் பார்த்துப் பட்டியல் எடுப்பது பலன் தரும். ஒன்றை மறக்கக் கூடாது: கம்பெனி தானே அமைக்காத, வெளியிலுள்ள சங்கமோ டிரஸ்டோ சிஎஸ்ஆர் வேலையை எடுத்துச் செய்ய மூன்று ஆண்டு அனுபவம் காட்ட வேண்டும். சிஎஸ்ஆர்-1 படிவத்தில் பதிந்திருக்கவும் வேண்டும். 2021 ஏப்ரலிலிருந்து இது கட்டாயம். ஆகவே போன மாதம் பதிவான சங்கம் அங்கே போவது வீண் அலைச்சல். முதல் மூன்று ஆண்டை உள்ளூர்ப் பணத்தில் நடத்தியே ஆக வேண்டும்.

நபார்டின் நீர்ப்பிடிப்புத் திட்டம் இன்னும் கண்டிப்பானது; அந்தக் கண்டிப்பில் படிப்பகச் சங்கமும் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது. 1999-2000-ல் 200 கோடி ரூபாயோடு தொடங்கிய நீர்ப்பிடிப்பு மேம்பாட்டு நிதியில், தொண்டு நிறுவனத்துக்கு எடுத்த எடுப்பில் முழுத் தொகை கிடைக்காது. முதலில் ஒரு சிறு பரப்பில் வேலைசெய்து காட்ட வேண்டும். கிராம நீர்ப்பிடிப்புக் குழு அமைய வேண்டும். மண் வேலைக்கான கூலியில் குறைந்தது 16 சதவீதம் அளவுக்கு மக்கள் சிரமதானமாகத் தர வேண்டும். இதெல்லாம் நடந்த பிறகே பெரிய கட்டத்துக்குப் பணம் வரும். ஏழை விவசாயியிடம் இலவச உழைப்பு கேட்பதா என்று கோபப்படுகிறவர்கள் உண்டு, அந்தக் கோபத்தில் நியாயமும் உண்டு. ஆனால் தன் கையால் வெட்டிய வாய்க்காலைத் தூர்ந்துபோக விடாமல் பார்த்துக்கொள்ள ஊரில் நான்கு பேராவது இருப்பார்கள் என்ற கணக்கில்தான் அந்த விதி நிற்கிறது. மாவட்டத்தில் இதற்கு அணுக வேண்டியவர் நபார்டின் மாவட்ட வளர்ச்சி மேலாளர்; எல்லாரும் சுருக்கமாக டிடிஎம் என்பார்கள்.

நமக்கு நாமே திட்டமும் அதே எண்ணத்தில் அமைந்ததுதான். 1990-களின் கடைசியில் வந்து, இடையில் தன்னிறைவுத் திட்டம் என்ற பெயரில் நடந்து, 2021-22-ல் பழைய பெயரோடு திரும்பியது. பள்ளிக் கட்டடம், பூங்கா என்று ஒரு பொதுச் சொத்துக்கான மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கை மக்கள் திரட்டினால் மீதியை அரசு போடும். ஆதிதிராவிடர், பழங்குடியினர் வாழும் பகுதிகளில் ஐந்தில் ஒரு பங்கு போதும். சங்கத்தின் ஆசிரியருக்குச் சம்பளம் இதிலிருந்து வராது. ஆனால் படிப்பகத்துக்குப் பொது இடத்தில் ஒரு கட்டடம் வேண்டுமென்றால் பேரூராட்சி அலுவலகத்தில் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான். அரசுப் பள்ளிக்கு என்றால், 2022 டிசம்பரில் தொடங்கிய நம்ம ஸ்கூல் நம்ம ஊருப் பள்ளி திட்டத்தின் வழியாக முன்னாள் மாணவர்களிடம் கேட்கலாம்.

வெளிநாட்டுத் தமிழர் பணம் என்றதும் பலருக்கும் ஆவல் வரும். அமெரிக்காவில் 1974-ல் தொடங்கிய தமிழ்நாடு அறக்கட்டளை, அங்கே சென்ற தலைமுறை தன் மாநிலத்துக்குத் திருப்பித் தர அமைத்துக்கொண்ட ஏற்பாடு. காஃப் கண்ட கனவுக்கு நம்மிடம் உள்ள நெருங்கிய உறவு என்றே சொல்லலாம். ஆனால் இங்கே எஃப்சிஆர்ஏ என்ற வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டம் நடுவில் நிற்கிறது. வெளிநாட்டு அமைப்போ, வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கிய உறவினரோ ஒரு ரூபாய் கொடுத்தாலும் உள்துறை அமைச்சகத்தின் பதிவு அல்லது முன் அனுமதி வேண்டும். பதிவுக்கு மூன்று ஆண்டு இயங்கியிருக்க வேண்டும். அந்த மூன்று ஆண்டில் 15 லட்சம் ரூபாய் பணிக்குச் செலவாகியிருக்க வேண்டும். பணம் முதலில் டெல்லியில் உள்ள ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளைக் கணக்கில்தான் வந்திறங்க வேண்டும். 2020-ல் வந்த திருத்தம், இப்படிப் பெற்ற பணத்தை இன்னொரு சங்கத்துக்கு மாற்றிக் கொடுப்பதை அடியோடு தடைசெய்துவிட்டது. மதுரையிலோ சென்னையிலோ உள்ள பெரிய நிறுவனம் வெளிநாட்டு நிதியை வாங்கிக் கிராமத்துச் சங்கங்களுக்குப் பிரித்துக் கொடுத்த பழைய வழி அதோடு அடைபட்டது. சின்னச் சங்கங்களுக்கு இது பெரிய இழப்பு. அதைச் சொல்லாமல் இருக்கக் கூடாது. ஒரு வழி மட்டும் திறந்தே இருக்கிறது: இந்தியக் குடியுரிமையோடு துபாயிலோ சிங்கப்பூரிலோ வேலை பார்க்கும் ஊர்ப்பிள்ளை தன் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பும் நன்கொடை, வெளிநாட்டுப் பங்களிப்பாகக் கருதப்படுவதில்லை. அவருடைய பாஸ்போர்ட் நகலை வாங்கிக் கோப்பில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இனி, விண்ணப்பத்தில் என்ன எழுதுவது? இதற்குத் திண்டுக்கல் மாவட்டத்திலேயே நல்ல பாடம் இருக்கிறது. டாக்டர் சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் 1947-ல் சின்னாளப்பட்டிக்கு அருகே தொடங்கிய காந்திகிராமம் என்ற நிறுவனம், 1959-ல் ஆத்தூர் வட்டாரத்தில் ஒரு முன்னோடி சுகாதாரத் திட்டத்தில் இறங்கியது. அரசுகளோடு ஃபோர்டு ஃபவுண்டேஷனும் அதற்குத் துணைநின்றது. எல்லை ஒரே ஒரு வட்டாரம். அங்கே பிறப்பு எத்தனை என்ற கணக்கு முதலில் கையில் இருந்தது. பிறகு ஆண்டுக்காண்டு அது எப்படி மாறுகிறது என்று பார்த்தார்கள். அதனால்தான் ஆத்தூர் அனுபவம் நாடு முழுக்கப் பேசப்பட்டது. மாலைப் படிப்பகம் நடத்தும் சங்கமும் இதைச் செய்யலாம். ஐந்தாம் வகுப்பில் எத்தனை பிள்ளைகள் இரண்டாம் வகுப்புப் பாடத்தைத் திக்காமல் வாசிக்கிறார்கள் என்று தொடங்கும் நாளிலேயே ஒரு நோட்டில் எழுதி வைத்தால், ஆறு மாதம் கழித்து அந்த நோட்டு எந்த அடைமொழியையும்விட வலுவாகப் பேசும். “கிராமப்புற மாணவர்களின் ஒட்டுமொத்த முன்னேற்றம்” என்று எழுதும் விண்ணப்பங்கள் ஒன்றுபோலவே இருப்பதால், படிக்கிறவருக்கு எதுவும் நினைவில் நிற்பதில்லை.

பட்ஜெட்டிலும் அதே நேர்மை வேண்டும். ஆசிரியருக்கு மதிப்பூதியம், விளக்கு, பாய், நோட்டு, ஆடிட்டர் கட்டணம் என்று உள்ளதை உள்ளபடி எழுத வேண்டும். நிர்வாகச் செலவு பூஜ்யம் என்று காட்டினால் கொடுப்பவர் மகிழ்வார் என்ற நம்பிக்கை தவறானது. கணக்கெழுத ஆள் இல்லாத சங்கத்தில் கணக்கு இருக்காது என்பது அனுபவமுள்ள கொடையாளருக்குத் தெரியும். ஊரிலிருந்து கிடைப்பதையும் எண்ணிக்கையாகக் காட்ட வேண்டும்: திண்ணை கொடுத்தவர், வாரம் ஒருநாள் சுண்டல் அவித்துத் தருகிற மகளிர் குழு, மாதம் நூறு ரூபாய் தரும் முப்பது பேர். ஒரே ஆளிடமிருந்து வரும் மூவாயிரத்தைவிட முப்பது பேரின் நூறு ரூபாய்க்குக் கொடையாளர் கண்ணில் மதிப்பு அதிகம். பணம் நின்றாலும் படிப்பகம் நிற்காது என்பதற்கு அது சாட்சி.

நேரில் பார்க்க வருகிறவருக்கு மாலை, பொன்னாடை, பேனர் எதுவும் வேண்டாம். தீர்மானப் புத்தகம், வவுச்சர் கோப்பு, வங்கிப் பாஸ்புக், பிள்ளைகளின் வருகைப் பதிவேடு நான்கும் மேசையில் இருக்கட்டும். எந்த நாளில் வந்தாலும் படிப்பகம் வழக்கம்போல் நடக்கட்டும். கிடைக்கவில்லை என்று கடிதம் வந்தால், காரணம் கேட்டு ஒரு வாரத்துக்குள் பணிவாக ஒரு போன் செய்யலாம், பெரும்பாலானவர்கள் சொல்வார்கள். கிடைத்துவிட்டால் கேட்ட தலைப்பில் மட்டும் செலவழித்து, மிச்சமானதைச் சொல்லி, தலைப்பு மாற்ற வேண்டியிருந்தால் செலவுக்கு முன்பே எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும். செலவுச் சான்றிதழை ஆடிட்டர் கையெழுத்தோடு கெடு தேதிக்கு முன் அனுப்பும் சங்கத்துக்கு, அடுத்த விண்ணப்பம் பாதி எழுதி முடிந்த மாதிரிதான்.